மாமா காருக்கு வந்த அரிப்பு

குரலை மாற்றிப் பேசுவதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று இருபத்தைந்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் படிக்கும்போது எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் மாதிரியே பேசி, ஒரு வகுப்பையே மைதானத்துக்கு அனுப்பியிருக்கிறேன். (மைதானத்தில் நிஜ சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அதன்பிறகு நடந்ததை விட்டுவிடுவோம்.) அந்த நம்பிக்கை கடைசியில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு தகர ஷெட்டில், ஏறக்குறைய நாற்பது பேர் முன்னிலையில், என் மாமனாரோடு சேர்ந்து மூச்சுத் திணறியது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். கணவர் ஆல்பர்ட், அவருடைய அப்பா, அம்மா, நான் என நான்கே பேர். ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் மாடி வீடு. நான் அம்பத்தூரில் ஒரு கார் விற்பனை நிறுவனத்தில் வேலை பார்த்தேன். வேலை என்றால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "சார், உங்க வண்டி சர்வீஸுக்கு நாளாச்சு" என்று நாள் முழுக்கத் திட்டு வாங்குவது.

மாமாவின் பெயர் ஆரோக்கியசாமி. அரசுத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், பரிசோதனையிலிருந்து இல்லை. தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். நான் மடித்து வைத்த போர்வையின் நாலு மூலையும் பொருந்துகிறதா என்று பார்ப்பார். கெட்ட மனிதர் இல்லை. கோபப்பட்டுக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் யார் எது சொன்னாலும், "முப்பத்திநாலு வருஷம் குவாலிட்டி பார்த்தவன்மா நான்" என்று ஒரு புன்னகையோடு முடித்துவிடுவார். அந்தப் புன்னகைக்குப் பிறகு யாரும் பேச முடியாது.

அவருடைய கார் எட்டு வருடப் பழசு. பார்த்தால் நேற்று வாங்கியது போல இருக்கும். தினமும் காலையில் கழுவுவார். வெளியே மட்டும் கழுவினால் அது வெறும் பகட்டு என்பது அவர் கொள்கை. எனவே பானெட்டைத் திறந்து, தோட்டத்துப் பைப்பைப் பிடித்து, உள்ளேயும் பீய்ச்சி அடிப்பார். "மனுஷன் முகத்தை மட்டும் கழுவிட்டுப் போனா போதுமா?" என்று கேட்பார். பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும். குளிப்பாட்டிய காரை வாசல் போர்ட்டிகோவில் நிறுத்துவார். போர்ட்டிகோவுக்கு நேர் மேலே நானும் ஆல்பர்ட்டும் படுக்கும் அறை.

மாமாவுக்கு இன்னொரு பதவியும் இருந்தது. போன் மோசடி பற்றிப் பங்குக் கோவில் ஹாலில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. அதற்குப் போய்விட்டு வந்தவர், எங்கள் தெருவுக்கு ஒரு விழிப்புக் குழுவை ஆரம்பித்துத் தானே தலைவராகிவிட்டார். உறுப்பினர் ஒருவர்தான். பக்கத்துத் தெரு எத்திராஜ், ஓய்வு பெற்ற ஏட்டு. இருவரும் மோசடி அழைப்பு எப்போது வரும் என்று தூண்டில் போட்டவர்கள் மாதிரி காத்திருந்தார்கள். ஒன்றும் மாட்டவில்லை. ஊரில் எல்லோருக்கும் வருகிறது, தனக்கு மட்டும் வரவில்லையே என்று மாமாவுக்கு உள்ளூர ஒரு வருத்தம்.

இந்த நேரத்தில்தான் எங்கள் அலுவலகத்துக்கு ரீகால் வந்தது.

தான் விற்ற வண்டியில் கோளாறு இருக்கிறது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு, எல்லா வண்டிகளையும் வரவழைத்து இலவசமாகச் சரிசெய்து கொடுப்பதுதான் ரீகால். இந்த முறை கோளாறு, பிரேக்கைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டியில். அதன் மூடி சரியாகப் பொருந்தவில்லை. ஈரம் உள்ளே புகுந்து, போர்டு அரித்துப்போய், ஒயருக்கு ஒயர் ஷார்ட் ஆகி வண்டி தீப்பிடிக்கலாம். ஓடும்போதுதான் என்றில்லை. சாவியை எடுத்துவிட்டு நிறுத்தி வைத்திருந்தாலும் பிடிக்கலாம். சரிசெய்யும்வரை வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டும்.

சொல்வதற்குத் தலைமை அலுவலகம் தமிழில் ஒரு வசனம் அனுப்பியிருந்தது. எந்த ஊரில், எந்த இயந்திரம் மொழிபெயர்த்ததோ தெரியாது. "அழைப்புகள் பதிவாகும், ஓர் எழுத்துகூட மாறக்கூடாது" என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வசனம் இது:

"தங்கள் வாகனத்தின் மின்னணு உறுப்பில் அரிப்பு கண்டறியப்பட்டுள்ளது. தாங்கள் எந்நேரமும் தீப்பற்ற வாய்ப்புள்ளது. தங்களைத் திறந்தவெளியில் நிறுத்தி வைக்கவும். தலைமையகம் தங்களைத் திரும்ப அழைத்துக்கொள்கிறது."

இதை முதல் நாளே எழுபது பேருக்கு வாசித்தேன். கோவில்பதாகையில் ஒருவர், "அரிப்பு இருக்கு மேடம், எனக்கு சுகர். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். திருநின்றவூரில் ஓர் அம்மா, கடைசி வரியைக் கேட்டதும் "யேசுவே!" என்று போனைக் கீழே போட்டுவிட்டார். தலைமையகம் என்பதை அவர் மேலே இருப்பதாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் என்னைத் திருடி என்றார்கள்.

இரண்டாம் நாள் பட்டியலில் நாற்பத்தோராவது பெயர், ஆரோக்கியசாமி, பருத்திப்பட்டு.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நல்ல மருமகளாக நேரடியாகவே சொன்னேன்.

"மாமா, நம்ம வண்டிக்கு ரீகால் வந்திருக்கு. உள்ள ஒரு போர்டு அரிச்சுப் போயிருக்கலாமாம். தீப்பிடிக்குமாம். நம்ம ரூமுக்கு நேர் கீழதான் நிக்குது..."

மாமா சப்பாத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "நம்ம வண்டியாம்மா? உள்ள கையை வச்சா அழுக்கு ஒட்டாது. இவனுங்க உள்ள இருக்கிற நல்ல பார்ட்டைக் கழட்டிட்டு மட்டமான பார்ட்டைப் போடுறதுக்குப் பேருதான் ரீகால். முப்பத்திநாலு வருஷம் குவாலிட்டி பார்த்தவன்மா நான்."

முடிந்தது. ஆல்பர்ட்டைப் பார்த்தேன். அவர் குருமாவில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். மாடிக்கு வந்ததும், "அப்பாகிட்ட நீயே இன்னொரு தடவை சொல்லிப் பாரேன்" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். அவர் காரைக் கழுவிக்கொண்டே "ம்... ம்..." என்றார். பைப்புத் தண்ணீர் அந்தப் பெட்டி இருக்கும் இடத்துக்கே நேராகப் பாய்வதை நான் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து கொசுவர்த்தி வாசனை வந்தால்கூட எழுந்து ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

வீட்டு மருமகள் சொன்னால் கேட்காதவர், அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் சொன்னால் கேட்கக்கூடும் அல்லவா? இந்த யோசனை தோன்றிய கணத்தில் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். (அப்போதெல்லாம் அடிக்கடி மெச்சிக்கொள்வேன்.) வியாழக்கிழமை மதியம், மூக்கை லேசாக அழுத்திப் பிடித்து, ரயில் நிலைய அறிவிப்புப் பெண்மணியை மனதில் நினைத்துக்கொண்டு, அலுவலக எண்ணிலிருந்து மாமாவுக்குப் போன் போட்டேன்.

"வணக்கம் ஐயா. நான் ஸ்வேதா பேசுகிறேன். திரு ஆரோக்கியசாமி அவர்களா?"

"ஆமாம்மா. சொல்லும்மா."

என்ன மரியாதை! வசனத்தை வாசித்தேன்.

"தங்கள் வாகனத்தின் மின்னணு உறுப்பில் அரிப்பு கண்டறியப்பட்டுள்ளது ஐயா."

"அடடா."

"தாங்கள் எந்நேரமும் தீப்பற்ற வாய்ப்புள்ளது."

"நானா?"

"தங்களைத் திறந்தவெளியில் நிறுத்தி வைக்கவும்."

"நிக்கிறேன்மா. எவ்வளவு நேரம் நிக்கணும்?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். மாமா அக்கறையாகக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எங்கே கொண்டுவர வேண்டும்? சர்வீஸ் சென்டரில் இடம் போதாததால் பூந்தமல்லி போகும் வழியில் ஒரு பழைய ஷெட்டை வாடகைக்கு எடுத்து முகாம் நடத்துகிறோம் என்று வழி சொன்னேன். எப்போது? சனிக்கிழமை பத்து மணிக்கு. அங்கே யாரைக் கேட்க வேண்டும்? "ஸ்வேதா என்று சொன்னால் போதும் ஐயா."

"ஓடிபி ஏதாவது வருமாம்மா?" என்றார் ஆவலாக.

"ஓடிபி எதுவும் வராது ஐயா."

"ஓ... வராதா?" குரலில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. "சரி, வந்துடுறேன்."

ஹெட்போனைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினேன். உடனே ஆல்பர்ட்டுக்கு, "உங்கப்பா சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவர்றார், எனக்கு ஒரு பார்ட்டி கொடுக்க ரெடியா இருங்க" என்று செய்தி அனுப்பினேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது மாமாவின் முகம் பிரகாசித்தது. காபியோடு எங்கள் மூவரையும் ஹாலில் உட்கார வைத்தார்.

"மாட்டிக்கிச்சு!" என்றார்.

"என்னங்க மாட்டிக்கிச்சு?" என்று கேட்டார் அத்தை.

"மோசடி கும்பல்! முழுசா ரெக்கார்ட் பண்ணிட்டேன். கேளுங்க."

போனை டீப்பாயின் மேல் வைத்து அழுத்தினார். ஹால் முழுக்க என் குரல் கேட்டது. மூக்கை அழுத்திய, கேவலமான, என் குரல். ரயில் நிலையப் பெண்மணி மாதிரி இல்லவே இல்லை. ஜலதோஷம் பிடித்த நான் மாதிரிதான் இருந்தது.

"குரலைக் கேட்டாலே ஃபிராடுன்னு தெரியுது பாரு," என்றார் மாமா ரசித்தபடி. "நம்ம ரெஜினா ஆபீஸ்ல இருந்து லிஸ்ட் வெளிய போயிருக்கு. அதை வச்சு ஒரு கும்பல் கிளம்பியிருக்கு. நல்ல சர்வீஸ் சென்டர் அம்பத்தூர்ல இருக்கும்போது, பூந்தமல்லி ரோட்டுல ஒரு தகர ஷெட்டுக்கு எதுக்கு வரச் சொல்றா? வண்டியைத் தூக்கத்தானே?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளியிலிருந்து கேட்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"ஏம்மா, உங்க ஆபீஸ்ல ஸ்வேதான்னு யாராவது இருக்காங்களா?"

உண்மையைச் சொல்லிவிட அது ஒரு நல்ல வாய்ப்பு. கடவுளே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. நான் என்ன செய்தேன்? "அப்படி யாரும் இல்லையே மாமா" என்றேன். ஒருவகையில் அதுவும் உண்மைதான்.

"பாத்தியா!" என்று தொடையில் தட்டினார் மாமா. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிப் பகுதி வந்தது. "சரி, வந்துடுறேன்" என்ற மாமாவின் குரல். அதற்குப் பிறகு, நான் சொன்னதாக எனக்கு நினைவே இல்லாத ஒரு பதில், மூக்கை விட்டுவிட்ட என் சொந்தக் குரலில்:

"சரிங்க மாமா. வச்சிடறேன்."

ஆல்பர்ட்டுக்குக் காபி புரை ஏறியது. அத்தை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

மாமா மட்டும் குதூகலித்தார். "கேட்டீங்களா? மாமாவாம்! உறவு கொண்டாடி மயக்குறா! கூட்டத்துல அப்பவே சொன்னாங்க, இப்படித்தான் பாசமா பேசுவாங்கன்னு! சனிக்கிழமை நானும் எத்திராஜும் வண்டியோடவே போய்க் கையும் களவுமா பிடிக்கிறோம்!"

"பாவம்," என்றார் அத்தை, என்னைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அந்தப் பொண்ணு மதியம் சாப்பிட்டுச்சோ என்னவோ."

சமையலறைக்குள் வந்ததும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அத்தை, நீங்களே மாமாகிட்ட சொல்லிடுங்களேன்."

"நான் சொல்லி அவர் என்னிக்குக் கேட்டிருக்காரு? அதை விடு. எப்படியும் வண்டி அங்க போகுதில்ல? போகட்டும். உனக்கு வேண்டியதும் அதுதானே?"

"அங்க நான் இருப்பேனே அத்தை!"

"எங்கயாவது ஒளிஞ்சுக்கோ," என்றார் சாதாரணமாக, வெங்காயம் நறுக்கச் சொல்வது போல.

வெள்ளிக்கிழமை லீவு கேட்டேன். முகாமுக்கு ஆளே இல்லை என்று மேனேஜர் மறுத்துவிட்டார். அதற்குள் மாமா அந்தப் பதிவை, "எச்சரிக்கை! இந்தக் குரலை நம்பாதீர்கள்!" என்ற தலைப்போடு தெரு வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தார். கீழே ஐம்பத்திரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். ஒருவர், "திமிர் பிடித்த குரல்" என்று எழுதியிருந்தார். அவருடைய மகளுக்கு நான்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை. முகக்கவசம், தொப்பி, ஆல்பர்ட்டின் கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு ஷெட்டின் மூலையில், தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். "இன்னா மேடம், கண்ணு வலியா?" என்று கேட்டார் ஃபோர்மேன் ஏகாம்பரம். ஆமாம் என்றேன். அன்றைக்கு அது எத்தனையாவது பொய் என்று நான் எண்ணவில்லை.

பத்து மணிக்குச் சரியாக மாமாவின் கார் வந்தது. பளபளவென்று மின்னியது. வீடியோ ஆதாரத்தில் வண்டி அழுக்காகத் தெரியக்கூடாது என்று விடிந்ததும் விடியாததுமாக இரண்டு தடவை கழுவியிருக்கிறார். உள்ளேயும்தான். முன் சீட்டில் எத்திராஜ், போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டே இறங்கினார். ஷெட்டில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து கார்கள், அவற்றின் சொந்தக்காரர்கள், குடும்பங்கள். ஒரு குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

மாமா நேராக ஏகாம்பரத்திடம் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். "இங்க ஸ்வேதாங்கறது யாருப்பா?"

"ஸ்வேதாவா? அப்டி யாரும் இங்க இல்லியே சார்."

"பாத்தியா எத்திராஜு!"

"நான் அப்பவே சொல்லல அண்ணாத்தே!" எத்திராஜ் ஒரே எட்டில் போய்க் கேட்டை இழுத்துச் சாத்தினார். "டேய், எவனும் நகரக் கூடாது! இன்னா நெனச்சிகினு கீறீங்க? வண்டியாடா தூக்குறீங்க?"

"இன்னா சார் பேசறே நீ? கம்பெனி கேம்ப்பு சார் இது!" ஏகாம்பரம் ஸ்பேனரைக் கையில் வைத்தபடியே முன்னால் வந்தார். அது பார்ப்பதற்கு நன்றாக இல்லை.

"ஸ்பேனரைக் காட்டி மெரட்றியா? ரெக்கார்ட் ஆவுது, தெரியுமில்ல?"

மோசடி என்ற வார்த்தை ஷெட்டுக்குள் பரவ அரை நிமிடம் போதுமானதாக இருந்தது. ஒருவர் தன் காருக்குள் ஏறி எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிக்கொண்டார். இன்னொருவர், "என் வண்டியில கழட்டுனதை முதல்ல மாட்டுய்யா!" என்று கத்தினார். பிஸ்கட் தின்ற குழந்தை அழ ஆரம்பித்தது. மேனேஜர் வெளிறிப்போய், "ரெஜினா எங்க? லிஸ்டை எடுத்துட்டு வரச் சொல்லு! ரெஜினா!" என்று கூவினார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் மாமா திரும்பினார். நான் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் இன்னும் குனிந்தேன். அப்போதுதான், கேன்களின் இடுக்கு வழியாக அதைப் பார்த்தேன். மாமாவின் கார் அவருக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. சாவி அவர் கையில். பானெட்டின் இடுக்கிலிருந்து, ஊதுவத்திப் புகை மாதிரி ஒரு கோடு, மெதுவாக மேலே எழுந்தது.

முதலில் நான் அதை நம்பவில்லை. எத்தனை நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், கண்ணுக்குத் தெரிகிறது போலும் என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி அந்தக் கோடு கயிறாகத் தடித்தது. கறுத்தது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது.

"சார், பொகை வர்து சார்!" ஏகாம்பரம் கத்தினார். "தூரப் போங்க! அல்லாரும் தூரப் போங்க!"

எல்லோரும் சிதறினார்கள். மாமா மட்டும் நகரவில்லை. தன் காரையே பார்த்துக்கொண்டு, கை நீட்டி, பானெட்டைத் தொடப் போனார். சூடு இருக்கிறதா என்று பரிசோதிக்கப் போனாரோ என்னவோ!

நான் எப்போது எழுந்தேன், எப்போது சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையைப் பிடுங்கினேன் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. தொப்பி பறந்தது, கண்ணாடி விழுந்தது, அந்தச் சிவப்பு உருளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

"அதோ ஓட்றா ஸ்வேதா! புடி!" என்று எத்திராஜ் குறுக்கே வந்தார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தீயணைப்புப் பயிற்சியின்போது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உருளையின் தலையில் செருகியிருக்கும் பின்னை இழுக்க வேண்டும் என்பது காதில் விழுந்திருந்தது. குழாயை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்பதைச் சொன்னபோது சட்னி வாங்கப் போயிருந்தேன். பின்னை இழுத்தேன். கைப்பிடியை முழு பலத்தோடு அழுத்தினேன்.

குழாய் பாம்பு மாதிரி துள்ளி, காரை அப்படியே விட்டுவிட்டு, மாமாவைப் பார்த்துத் திரும்பியது. உச்சந்தலையில் ஆரம்பித்துச் செருப்புவரை. பிறகு ஒரு வளைவு வளைந்து எத்திராஜ். நான் அழுத்திய கையை எடுக்கவே இல்லை. பயத்தில் கை இறுகிவிட்டது. மறுபடி மாமா. மறுபடி எத்திராஜ். ஏகாம்பரம் பாய்ந்து வந்து உருளையைப் பிடுங்கி, பானெட்டைத் தூக்கி, மிச்சமிருந்ததை உள்ளே அடித்து, பேட்டரி ஒயரை இழுத்துக் கழற்றினார். புகை அடங்கியது.

வெள்ளைப் பவுடர் மேகம் மெல்லக் கலைந்தது. உள்ளே இரண்டு சிலைகள் நின்றிருந்தன. உயரமான சிலை இருமியது.

"ஐயோ மாமா! கண்ணைக் கசக்காதீங்க மாமா! அப்படியே நில்லுங்க மாமா!" என்று அழுதுகொண்டே தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அந்த வெள்ளை முகத்தில் இரண்டு கண்கள் திறந்தன. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தன. பிறகு, ரொம்பப் பலவீனமாக, ஒரு குரல் வந்தது.

"ஸ்வேதா...?"

"ஆமா மாமா," என்றேன். வேறு என்ன சொல்வது?

எத்திராஜின் போன் அவர் கையிலேயே இருந்தது. எல்லாம் பதிவாகிவிட்டது.

முகம் கழுவி முடிந்ததும் ஏகாம்பரம் அந்தப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தார். போர்டு முழுக்கப் பாசி படிந்த மாதிரி பச்சை. ஒரு மூலை கருகிப் போயிருந்தது.

"பாத்துக்க சார். மூடியே டைட்டா இல்ல, அது கம்பெனி தப்பு. ஆனா யாரோ டெய்லி உள்ள பைப்பு வேற அடிச்சிகினு இருந்துக்கிறாங்க."

மாமா சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, அதிலிருந்த பவுடரை ஊதிவிட்டு மாட்டிக்கொண்டார். பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். கருகிய மூலையை விரலால் தொட்டார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஷெட்டில் இருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் வண்டியைக் காட்டிட்டுப் போங்க. கேம்ப்பு நிஜம்தான். தப்பு என்னுது" என்றார். தலையிலிருந்து அப்போதும் பவுடர் உதிர்ந்துகொண்டிருந்தது.

காரை அங்கேயே விட்டுவிட்டு மூவரும் ஆட்டோவில் திரும்பினோம். நடுவில் நான், இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளை மனிதர்கள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்ப்பதும், கேட்க வாயெடுப்பதும், விட்டுவிடுவதுமாக வந்தார். எத்திராஜ் தெருமுனையில் இறங்கிப் போனார். வீட்டு வாசல் வந்தது. மாமா இறங்கவில்லை. கார் இல்லாத போர்ட்டிகோவையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து அதற்கு மேலே இருந்த எங்கள் அறை ஜன்னலைப் பார்த்தார். நான் காலையில் காயப்போட்ட துண்டு அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா," என்றார். "இப்படி வேஷம் போடாம, என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே மாமா. மூணு தடவை."

சட்டைக் கையில் ஒட்டியிருந்த பவுடரைத் தட்டினார்.

"ஆமா," என்றார். "சொன்னே."

அவ்வளவுதான். மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அந்தப் பழைய புன்னகையும் இல்லை. கதவைத் திறந்த அத்தை எங்களைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாமா அன்றே தெருக் குழுவில் மறுப்பு போட்டார். ஆனால் மறுப்பை யார் பரப்புகிறார்கள்? என் குரல் மட்டும் எங்கள் தெருவைத் தாண்டி, ஆவடியைத் தாண்டி, குழு குழுவாகப் போனது. ஆறு மாதம் கழித்துத் திண்டுக்கல்லில் இருந்து என் அம்மா போன் செய்தார். "ரெஜி, மெட்ராஸ்ல ஸ்வேதான்னு ஒருத்தி மாமா மாமான்னு பேசி ஏமாத்துறாளாம். உனக்கு அனுப்பியிருக்கேன், கேளு. ஜாக்கிரதையா இரு." பெற்ற தாய்க்கே தெரியவில்லை. என் திறமைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருடம் இருக்கும். இன்றைக்கும் வீட்டில் மாமாவிடம் யாராலும் சொல்ல முடியாத விஷயம் வந்தால், அத்தை என்னைப் பார்த்து, "நம்மால ஆகாது, ஸ்வேதாவைக் கூப்பிடு" என்பார். போன மாதம் அப்படித்தான். கண்ணில் புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்லியும், ஆபரேஷன் வேண்டாம் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். ஆல்பர்ட் சொல்லிப் பார்த்தார். பங்குத் தந்தை சொல்லிப் பார்த்தார். கடைசியில் நான் மாடிக்குப் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு போன் போட்டேன்.

"வணக்கம் ஐயா. ஸ்வேதா பேசுகிறேன்."

கீழே ஹாலில் டிவி சத்தம் குறைந்தது.

"சொல்லும்மா."

எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு, எத்தனை நாள் கண்ணில் தண்ணீர் படக்கூடாது. இடையில் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டுக்கொண்டார். "சரிங்க மேடம், வியாழக்கிழமை வந்துடுறேன்" என்று போனை வைத்தார்.

ஒன்றும் தெரியாதவள் போலக் கீழே இறங்கி வந்தேன். "யாரு மாமா போன்ல?" என்று கேட்டேன்.

"தெரிஞ்ச பொண்ணுதான்," என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.